வாய்மொழி வரலாறும் மனித நினைவும் – உளவியல், மானிடவியல் நோக்கு

முன்னுரை

ஓர் ஆலயத்தின் வரலாறு மூன்று இடங்களில் தங்கியிருக்கின்றது. கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் கடதாசியிலும் எழுதப்பட்டிருப்பது ஒன்று. மூலஸ்தானமாகவும் மணியாகவும் தேராகவும் தீர்த்தக் கேணியாகவும் கண்முன்னே நிற்பது மற்றொன்று. ஊர் முதியோரின் நெஞ்சிலே இருப்பது மூன்றாவது.

ஈழத்துக் கிராமக் கோயில்கள் பலவற்றில் முதலாவது வகைச் சான்று மிகவும் குறைவு. பரிபாலன சபைகளின் கணக்குப் புத்தகங்களும் கூட்டறிக்கைகளும் பழைய திருவிழாத் துண்டுப்பிரசுரங்களும் காலத்தாலும் கறையானாலும் அழிந்தன. எஞ்சியவற்றுட் பல 1990ஆம் ஆண்டு யூன் மாதத்து வலிகாமம் வடக்கு இடப்பெயர்விலும், 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்து வலிகாமப் பெருஞ்சனப் பெயர்விலும் வீடுகளோடு போயின. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி நள்ளிரவையொட்டி மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. எனவே பல ஊர்களில் எஞ்சியிருப்பது மூன்றாவது சான்று ஒன்றே. அதுவும் ஆண்டுதோறும் ஒருவர் இருவராகக் குறைந்து வருகின்றது.

இந்நிலையில் ஒரு கேள்வி எழுகின்றது. முதியோர் சொல்வதை எந்த அளவிற்கு வரலாறாகக் கொள்ளலாம்? "ஆச்சி சொன்னால் அது வேதவாக்கு" என்பார் ஒரு சாரார். "எழுத்தில் இல்லாதது கட்டுக்கதை" என்பார் இன்னொரு சாரார். உளவியலாளரும் மானிடவியலாளரும் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் செய்த ஆய்வுகள் இவ்விரு கருத்துக்களுக்கும் இடங்கொடுப்பதில்லை. அவர்கள் கண்டவற்றுள் ஆலய அடியார்களுக்குப் பயன்படக்கூடிய சிலவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாய்மொழி வரலாறு

வாழ்ந்தவர் தாம் கண்டதையும் செய்ததையும் தம் வாயாற் சொல்ல, அதனைக் கேட்டுப் பதிவு செய்வது வாய்மொழி வரலாறு எனப்படும். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த செய்தி வாய்மொழி மரபு எனப்படும். "நான் சின்னப் பிள்ளையாக இருக்கேக்கை தேர் எரிஞ்சதைக் கண்டனான்" என்பது முதலாவது. "எங்கடை பூட்டனார் கனவு கண்டுதான் இந்தக் கோயில் வந்தது" என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புதல் ஆகாது. முதலாவதில் ஒருவரின் நினைவு மாத்திரம் சம்பந்தப்பட்டுள்ளது. இரண்டாவதில் இறந்துபோன பலரின் நினைவுகள் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்துள்ளன.

நேரிற் கண்டவர்களைக் கேட்டு வரலாறு எழுதுவது புதிய முறையன்று. கிறிஸ்துவுக்கு முற்பட்ட ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் அவ்வாறே எழுதினார். ஒரே நிகழ்ச்சியைக் கண்டவர்கள் பக்கச்சார்பினாலும் நினைவின் குறைபாட்டினாலும் வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள் என்று அவர் அன்றே குறைப்பட்டுக்கொண்டார். ஒலிப்பதிவுக் கருவிகள் வந்த பின்னர் இம்முறை ஒழுங்கான ஒரு துறையாக வளர்ந்தது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1948ஆம் ஆண்டு அலன் நெவின்ஸ் என்ற வரலாற்றாசிரியர் தொடக்கிய பணி இதற்கு முன்னோடியாகக் கருதப்படுகின்றது.

நினைவு பற்றி உளவியல் கூறுவது

நினைவை ஒரு பெட்டகம் போலக் கருதுவதே பொதுவழக்கு. உள்ளே வைத்தது வைத்தபடியே இருக்கும், வேண்டியபோது எடுக்கலாம் என எண்ணுகிறோம். உளவியல் ஆய்வுகள் காட்டுவது வேறு.

நினைவை முதன்முதலில் அளந்து பார்த்தவர் யேர்மனிய அறிஞர் ஹேர்மன் எபிங்ஹவுஸ் ஆவார். பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து, எத்தனை மணித்தியாலத்தில் எவ்வளவு மறக்கின்றது எனத் தம்மிடமே சோதித்து 1885ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். மறதி முதலில் மிக விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நடைபெறுகின்றது என்பது அவரது முடிபு. முதல் ஒரு மணித்தியாலத்திலேயே பாதிக்கு மேல் நழுவிவிடுகின்றது. நெடுநாள் தாங்கி நின்றதோ அதன் பின்னர் எளிதில் அழிவதில்லை.

மறப்பது மாத்திரமல்ல, மாறுவதும் உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரெடரிக் பாட்லெட் அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கில வாசகர்களுக்குக் கொடுத்தார். பின்னர் சிலகாலம் விட்டுவிட்டு அதனைத் திரும்பத் திரும்ப எழுதும்படி கேட்டார். அவர்களுக்கு விளங்காத பகுதிகள் மறைந்தன. சிறு ஓடம் படகாகியது. கடல்நாய் வேட்டை மீன்பிடியாகியது. ஒவ்வொருவரும் தத்தம் பழக்கத்திற்கு ஏற்றவாறு கதையைத் திருத்திக்கொண்டனர், திருத்தியதை உணரவும் இல்லை. நினைவுகூர்தல் என்பது பழையதை வெளியே எடுப்பதன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டியெழுப்புவது என 1932ஆம் ஆண்டு அவர் எழுதிய நூல் எடுத்துக்காட்டியது.

கேட்பவரின் சொல்லும் நினைவை மாற்றவல்லது. 1974ஆம் ஆண்டு எலிசபெத் லொப்டஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரது துணையாய்வாளரும் மாணவர்களுக்கு ஒரு மோட்டார் வாகன விபத்துப் படத்தைக் காட்டினர். ஒரு குழுவினரிடம் "வாகனங்கள் மோதியபோது வேகம் என்ன?" என்றும், மற்றொரு குழுவினரிடம் "வாகனங்கள் மோதி நொருங்கியபோது வேகம் என்ன?" என்றும் கேட்டனர். ஒரு வாரத்தின் பின்னர், உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என இரு குழுவினரிடமும் வினவினர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஆயினும் "நொருங்கிய" என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் கண்டதாகக் கூறினர். "மோதிய" என்ற சொல்லைக் கேட்டவர்களில் 7 பேரே அவ்வாறு கூறினர். கேள்வியில் இருந்த ஒரு சொல், காணாத கண்ணாடியைக் கண்டதாக நினைக்க வைத்தது.

மறக்கவே முடியாத நாள் என்று சொல்லப்படும் நாட்களின் நிலை என்ன? 1986ஆம் ஆண்டு சனவரி 28ஆம் திகதி அமெரிக்க விண்ணோடமான சலஞ்சர் வானில் வெடித்துச் சிதறியது. அடுத்த நாட் காலையே உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர், அச்செய்தியை எங்கே, யாரிடமிருந்து, எவ்வாறு அறிந்தீர்கள் என மாணவர்களிடம் எழுதி வாங்கினார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளின் பின்னர் அவர்களுள் 44 பேரிடம் அதே கேள்விகளை மீண்டும் கேட்டபோது, 11 பேரின் விடைகள் முன்னர் எழுதியவற்றோடு எவ்விதத்திலும் பொருந்தவில்லை. முற்றாகப் பொருந்தியவர் 3 பேரே. பொருந்தாதவர்களிற் பலர் தமது விடையில் மிக்க உறுதியோடு இருந்தனர். அவர்களது கையெழுத்தையே காட்டியபோதும் பழைய நினைவு திரும்பவில்லை. ஒருவர் உறுதியாகச் சொல்கின்றார் என்பது அவர் சொல்வது சரி என்பதற்கு அத்தாட்சி ஆகாது. அதேவேளை, பிழையாகச் சொல்பவர் பொய் சொல்கின்றார் என்பதும் இல்லை. இவ்விரண்டையும் சேர்த்தே மனதிற் கொள்ளவேண்டும்.

எது நிலைக்கின்றது?

இவற்றைக் கொண்டு முதியோரின் நினைவு பயனற்றது என முடிவு செய்வது பெருந்தவறு. சில வகை நினைவுகள் வியக்கத்தக்க அளவிற்கு நிலைத்து நிற்கின்றன.

1975ஆம் ஆண்டு ஹரி பாரிக் என்ற ஆய்வாளரும் துணைவர்களும் பாடசாலையை விட்டு விலகிய 392 பேரைச் சோதித்தனர். விலகி முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டவர்களும், படங்களைக் காட்டியபோது உடன் படித்தோரின் முகங்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தை இனங்கண்டனர். படமின்றிப் பெயர்களைத் தாமாகச் சொல்வதே அவர்களுக்குக் கடினமாக இருந்தது. ஆகவே ஒரு முதியவரிடம் "அந்தக் காலத்து உபயகாரர் யார் யார்?" என்று வெறுமனே கேட்பதைவிட, பழைய திருவிழாப் புகைப்படம் ஒன்றைக் கையிற் கொடுத்துக் கேட்டால் அதிகம் வெளிவரும்.

முதியோர் தம் வாழ்க்கையை நினைவுகூரும்போது ஏறத்தாழ பத்து வயது முதல் முப்பது வயது வரையான காலமே மிகுதியாக வெளிப்படுகின்றது என்பதும் பல ஆய்வுகளிற் கண்ட உண்மை. எண்பது வயதுடைய ஒருவருக்கு நேற்று உண்டது மறந்திருக்கலாம். தமது பதினெட்டாவது வயதில் முதன்முதலாகக் காவடி எடுத்த நாள் மறந்திராது. திரும்பத் திரும்பச் செய்த காரியங்களும் அவ்வாறே. திருவிழாவிற்கு வாழை கட்டிய முறை, பொங்கற் பானை வைத்த இடம், சுவாமி உலாவந்த தெரு, தேர்வடம் பிடித்த வரிசை ஆகியவற்றில் முதியோர் பெரும்பாலும் தவறுவதில்லை. ஆண்டு, திகதி, தொகை, நிகழ்ச்சிகளின் முன்பின் வரிசை ஆகியவற்றிலேயே தடுமாற்றம் உண்டாகின்றது.

மனனமும் ஞாபகமும்

இங்கே ஓர் ஐயம் எழலாம். எழுதாமலே வேதத்தைக் காத்த மரபல்லவா சைவ மரபு? அவ்வாறாயின் நினைவு மாறும் என்பது எவ்வாறு பொருந்தும்?

விடை அந்த மரபுக்குள்ளேயே இருக்கின்றது. வேதம் ஓதுவோர் நினைவை அதன் போக்கில் விட்டுவிடவில்லை. பதபாடம், கிரமபாடம், ஜடாபாடம், கனபாடம் எனப் பல முறைகளை வகுத்தனர். சொற்களைத் தனித்தனியாகவும், இரண்டிரண்டாக இணைத்தும், முன்னும் பின்னுமாக மாற்றியும் ஓதுவதனால் ஒரு சொல் பிழைத்தாலும் உடனே வெளிப்பட்டுவிடும. குருவின் முன்னிலையில் பல மாணவர் ஒன்றாக ஓதுவதும் அதற்கான காவலே. 2003ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் வேதம் ஓதும் மரபினை மனிதகுலத்தின் வாய்மொழிப் பாரம்பரியங்களுள் ஒன்றாகப் பிரகடனஞ் செய்தது.

அத்தகைய காவல் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை வேறொரு ஆய்வு காட்டுகின்றது. 1933 முதல் 1935 வரை மில்மன் பரி என்ற அமெரிக்க அறிஞர் அல்பேட் லோர்டின் உதவியோடு யூகோஸ்லாவியாவில் எழுத்தறியாத கதைப்பாடகர்களின் பாடல்களைப் பதிவு செய்தார். கேட்டதை ஒரு சொல்லும் மாறாமற் பாடுவதாக அப்பாடகர்கள் கூறினர். பதிவுகளை ஒப்பிட்டபோதோ ஒவ்வொரு முறையும் பாடல் வேறுபட்டிருந்தது. கதை மாறவில்லை, சொற்களே மாறின.

தேவாரத் திருமுறைகளின் கதையும் இங்கு நினைக்கத்தக்கது. தில்லையிலே பூட்டிய அறையில் ஓலைச் சுவடிகளைக் கறையான் அரித்துவிட, எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் எனவும், பதிகங்களுக்குரிய பண்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியின் வாயிலாகவே அறிந்தார்கள் எனவும் திருமுறைகண்ட புராணம் கூறும். ஓலை இழந்ததை ஒரு பெண்ணின் நினைவு காத்தது என்பதே அம்மரபு சொல்லும் செய்தி. பண்ணும் தாளமும் எதுகையும் மோனையும் நினைவைக் கட்டிக் காக்கின்றன. இத்தகைய கட்டுக்கோப்பு திண்ணைப் பேச்சுக்கு இல்லை. ஆதலால் மனனஞ் செய்த பாடலுக்குக் கொடுக்கும் நம்பிக்கையை நடந்த சம்பவம் பற்றிய ஞாபகத்திற்கு அப்படியே கொடுத்தல் பொருந்தாது.

கூட்டு நினைவு பற்றி மானிடவியல் கூறுவது

மனிதர் தனித்திருந்து நினைப்பதில்லை. குடும்பம், ஊர், கோயில் என்ற கூட்டத்தினுள் இருந்தே நினைக்கின்றனர். இதனை 1925ஆம் ஆண்டு எடுத்துரைத்தவர் பிரெஞ்சுச் சமூகவியலாளர் மொரிஸ் ஹால்ப்வாக்ஸ். ஒரு கூட்டம் எதனைப் பேசிக்கொண்டிருக்கின்றதோ அது நினைவில் நிற்கும், பேசாது விட்டது மங்கும் என்பது அவரது கருத்தின் சாரம். 1945ஆம் ஆண்டு நாசிகளின் புகென்வால்ட் வதைமுகாமில் அவர் உயிரிழந்தார்.

கூட்டு நினைவு எவ்வாறு மாறுகின்றது என்பதற்கு ஆபிரிக்காவிலிருந்து இரண்டு சான்றுகளைக் காட்டலாம். இரண்டும் ஈழத்து ஆலயங்களுக்கு மிகவும் நெருக்கமானவை.

நைஜீரியாவில் வாழும் திவ் மக்கள் தமக்கிடையே உள்ள உரிமைகளையும் கடமைகளையும் வம்ச வரிசையைக் கூறியே நிலைநாட்டுவர். வழக்குகளில் இவ்வரிசைகள் அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்டதால், பிரித்தானிய அதிகாரிகள் அவற்றை எழுதி வைத்தனர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின்னர் லோரா பொஹனன், போல் பொஹனன் ஆகிய மானிடவியலாளர்கள் அங்கு சென்றபோது அந்தப் பட்டியல்களால் ஓயாத சச்சரவு நிலவியது. எழுதியது பிழை என்றனர் மக்கள். எழுதியதே உண்மை என்றனர் அதிகாரிகள். நடந்தது என்னவெனில், நாற்பது ஆண்டுகளில் மக்களுக்கிடையே இருந்த உறவுகள் மாறியிருந்தன. அதற்கேற்ப வம்ச வரிசையும் வாய்மொழியில் மெல்ல மெல்ல மாறியிருந்தது. மாற்றியவர் என எவரையும் சுட்ட முடியாது.

கானாவின் வடபகுதியிலுள்ள கொன்ஜா அரசின் கதை இன்னும் தெளிவானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட மரபுரையின்படி, அவ்வரசை நிறுவிய ஜக்பாவுக்கு ஏழு ஆண்மக்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பிரிவை ஆண்டனர். அன்று ஏழு பிரிவுகள் இருந்தன. பின்னர் இரண்டு பிரிவுகள் இல்லாமற் போயின. அறுபது ஆண்டுகளின் பின்னர் அதே மரபுரையைப் பதிவு செய்தபோது ஜக்பாவுக்கு ஐந்து ஆண்மக்கள் மாத்திரமே இருந்தனர். மற்ற இருவரையும் ஊர் மறந்துவிட்டது. இவ்விரு சான்றுகளையும் ஜக் கூடி, இயன் வட் என்போர் 1963ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்காட்டியுள்ளனர்.

மரபுரைகளுக்கு இன்னொரு பொது இயல்பும் உண்டு. கொங்கோ நாட்டில் நெடுங்காலம் ஆய்வு செய்த பெல்ஜிய நாட்டவரான ஜான் வன்சினா இதனை விளக்கியுள்ளார். அண்மைக் காலம் பற்றிய செய்தி நிறைய இருக்கும். தோற்றம் பற்றிய கதையும் நிறைய இருக்கும். இடையில் உள்ள காலம் வெறுமையாக இருக்கும். தலைமுறைகள் நகர நகர இவ்வெற்றிடமும் கூடவே நகர்வதால் இதனை "மிதக்கும் இடைவெளி" என அவர் குறிப்பிட்டார்.

கிராமக் கோயில்களின் தலவரலாறுகளை இக்கண்ணோடு பார்த்தால் இது புலப்படும். மாடு மேய்த்த சிறுவன் வேலைக் கண்டெடுத்ததும், பசு தானாகப் பால் சொரிந்ததும், மரத்தடியிற் கல் வைத்துப் பொங்கியதும் விரிவாகச் சொல்லப்படும். அடுத்த வசனமே இன்னாரின் தகப்பனார் காலத்தில் மண் கோயில் கற்கோயிலாகியது என வந்துவிடும். இடையில் ஐந்தாறு தலைமுறைகள் வாழ்ந்து, விளக்கேற்றி, அலகிட்டு, மெழுகிட்டு மறைந்திருப்பர். அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இராது.

பிழையும் பொருள் கூறும்

நினைவின் பிழையைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. அது ஏன் பிழைத்தது என்று கேட்கவேண்டும் என்றார் இத்தாலிய அறிஞர் அலெஸாண்ட்ரோ போர்ட்டெல்லி.

இத்தாலியின் டேர்னி நகர் உருக்குத் தொழிற்சாலையால் வாழ்ந்த ஊர். 1949ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதி, நேட்டோ ஒப்பந்தத்தில் இத்தாலி சேர்வதை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் லூயிஜி திரஸ்துல்லி என்ற 21 வயதுத் தொழிலாளி பொலிசாரால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகளின் பின்னர் போர்ட்டெல்லி அவ்வூர்த் தொழிலாளரைக் கேட்டபோது, பலர் அவர் இறந்தது 1953ஆம் ஆண்டில் என்றனர். அந்த ஆண்டிலேதான் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை நீக்கப்பட்டு, ஊரே தெருவில் இறங்கிப் போராடியது. ஒரு சிறிய ஊர்வலத்தில், பதிலடி எதுவுமின்றி, ஓர் இளைஞர் இறந்தார் என்பதை அவ்வூரின் மனம் ஏற்க மறுத்தது. அவரது மரணத்தைத் தமது பெரிய போராட்டத்தோடு சேர்த்து வைத்தது. திகதி பிழை. ஆனால் அப்பிழையே, அம்மரணம் அம்மக்களின் நெஞ்சில் எவ்வளவு பாரமாக இருந்தது என்பதைக் காட்டுகின்றது. எழுத்துச் சான்று என்ன நடந்தது என்பதைக் கூறும். வாய்மொழி அது மனிதருக்கு என்னவாக இருந்தது என்பதையும் சேர்த்துக் கூறும்.

ஈழத்து ஆலயங்களில்

வாய்மொழியை எழுத்தாக்கும் முயற்சி ஈழத்தில் பழமையானது. திருகோணமலைக் கோணேசர் ஆலயத்தில் யார் யார் எந்தத் தொழும்பு செய்யவேண்டும் என்பதைக் கோணேசர் கல்வெட்டு எடுத்துரைக்கின்றது. ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் முந்திய நூல்களையும் செவிவழிச் செய்திகளையும் கொண்டு யாழ்ப்பாண வைபவமாலையைத் தந்தார். அதனை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், பிற சான்றுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்து சுவாமி ஞானப்பிரகாசர் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் என்ற நூலை 1928ஆம் ஆண்டு வெளியிட்டார். கேட்டதைப் பேணுதல், பேணியதை ஆராய்தல் ஆகிய இரு பணிகளுக்கும் இம்மண்ணிலேயே முன்மாதிரி உண்டு.

கிழக்கிலங்கையில் தாய்வழிக் "குடி" முறையையொட்டித் திருவிழா உரிமைகள் வகுக்கப்பட்டுள்ளன. வடக்கிலே உபயம், முதல் மரியாதை, தர்மகர்த்தா உரிமை என்பன பெரும்பாலும் "எங்கடை அப்பு காலம் தொட்டு" என்ற நினைவின் மேல் நிற்கின்றன. இந்நினைவுக்குச் சட்டத்தின் கண்ணிலும் பெறுமதி உண்டு. அறக்கொடை நம்பிக்கைப் பொறுப்புக்கள் பற்றித் தீர்மானிக்கையில் உறுதி இருந்தால் அதனையும், அதனோடு அச்சமூகத்தின் வழக்காற்றையும் அவ்விடத்து வழமையையும் நீதிமன்றம் கவனத்திற் கொள்ளவேண்டும் என 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் கூறுகின்றது.

இங்கேதான் கவனம் வேண்டும். ஒரு கோயிலின் மடைப்பள்ளியைக் கட்டியது தமது பாட்டனார் என இரு குடும்பத்தினர் சொன்னால், ஒருவர் பொய்யர் எனக் கொள்ளத் தேவையில்லை. ஒருவரின் பாட்டனார் காணி கொடுத்திருக்கலாம், மற்றவரின் பாட்டனார் கல் சுமந்திருக்கலாம். இரு வீட்டுத் திண்ணைகளிலும் அறுபது ஆண்டுகள் சொல்லிச் சொல்லி இரண்டும் "கட்டினார்" என்று ஆகியிருக்கலாம். திவ் மக்களின் கதையை அறிந்தவர் இதற்காக வழக்குக்குப் போகுமுன் ஒருமுறை யோசிப்பர். வழக்கினாற் பூட்டப்பட்ட கோயிற் கதவுகளும், விளக்கேற்ற ஆளின்றிப் போன சந்நிதிகளும் ஈழத்து மக்களுக்குப் புதியனவல்ல.

இன்னொன்றும் உண்டு. கொன்ஜாவின் இரு மக்கள் மறக்கப்பட்டது போல, ஊர் நினைவில் இடம் பெறாதோர் ஒவ்வொரு கோயிலிலும் உள்ளனர். பிடியரிசி சேர்த்துக் கொடுத்த பெண்கள், பறையும் மேளமும் வாசித்தோர், தேர்ச் சில்லைச் செதுக்கிய தச்சர், வெளிவீதியைத் துப்புரவாக்கியோர் ஆகியோரின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. தர்மகர்த்தாக்களின் குடும்பங்களை மாத்திரம் கேட்டு எழுதினால் அது ஒரு வீட்டின் வரலாறாக அமையுமேயன்றி ஆலயத்தின் வரலாறாகாது.

கேட்டு எழுதும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து, முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்ய விரும்பும் இளையோர்க்குச் சில ஒழுங்குகள் கிடைக்கின்றன.

முதலாவது, விடையைக் கேள்விக்குள் வைக்கலாகாது. "அப்பு, தேர் அறுபத்திரண்டாம் ஆண்டுதானே ஓடினது?" என்று கேட்டால் "ஓம் மோனை" என்ற விடையே வரும். "அப்பு, தேர் முதல் ஓடின நாளைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்டுவிட்டு வாய்மூடிக் கேட்டிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டல் வேண்டும். கூட்டமாக இருக்கையில் குரல் உயர்ந்தவரின் நினைவே எல்லோரின் நினைவாகிவிடும். தனித்தனியே கேட்ட பின்னர் ஒன்றாக இருந்து கதைக்கலாம்.

மூன்றாவது, ஆண்டைக் கேளாமல் அறியப்பட்ட நிகழ்ச்சியோடு பொருத்திக் கேட்டல் வேண்டும். 1955 யூன் 20ஆம் திகதிய முழுச் சூரிய கிரகணம், 1957 மார்கழி வெள்ளம், 1964 மார்கழிப் புயல், எழுபதுகளின் முற்பகுதியில் பாணுக்கு வரிசையில் நின்ற காலம், 1978 கார்த்திகை மட்டக்களப்புச் சூறாவளி, 2004 ஆழிப்பேரலை என்பவற்றின் திகதிகள் ஐயத்திற்கு இடமற்றவை. "புயலுக்கு முந்தியோ பிந்தியோ?" என்ற கேள்விக்குச் சரியான விடை கிடைக்கும்.

நான்காவது, "இதை நீங்கள் கண்டனீங்களோ, ஆரும் சொல்லக் கேட்டனீங்களோ?" என ஒவ்வொரு செய்திக்கும் வினவிக் குறித்தல் வேண்டும். சொன்னவரின் பெயர், பிறந்த ஆண்டு, சொன்ன திகதி என்பன இல்லாத பதிவு பின்னர் உதவாது.

ஐந்தாவது, சொன்னதைச் சொன்னபடியே எழுதவேண்டும். இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதி வைக்கவேண்டும். மலருக்கு அழகாக இருக்கும் என்பதற்காக ஒன்றை நீக்கிவிட்டால், வருங்காலத்தில் ஓர் உறுதியோ புகைப்படமோ கிடைக்கும்போது ஒப்பிட எதுவும் இராது.

ஆறாவது, மணியிற் பொறித்த எழுத்து, பழைய உறுதிகள், பற்றுச்சீட்டுக்கள், திருவிழாத் துண்டுப்பிரசுரங்கள், திருமணப் புகைப்படங்களின் பின்னணியில் தெரியும் கோபுரம் ஆகியவற்றை வாய்மொழியோடு வைத்துப் பார்க்கவேண்டும்.

ஏழாவது, புண்ணைக் கிளறலாகாது. போரும் இடப்பெயர்வும் தனிமனிதரை மட்டுமன்றிச் சமூகத்தையே உளரீதியாகக் காயப்படுத்தின என்பதை மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998ஆம் ஆண்டு முதல் தமது நூல்களில் எடுத்துரைத்துள்ளார். கோயிலைப் பற்றிக் கேட்கப்போய், கோயிலில் தஞ்சமடைந்திருந்த வேளையில் இழந்த பிள்ளையைப் பற்றி ஒரு தாயார் சொல்லத் தொடங்கலாம். அவர் சொல்ல விரும்பினால் ஆறுதலாகக் கேட்கவேண்டும். விரும்பாவிட்டால் வற்புறுத்தாமற் பதிவை நிறுத்திவிட்டு அருகில் இருக்கவேண்டும். பதிவைவிட மனிதர் பெரிது.

இவ்வளவிற்கும் இன்று பெரும் பொருட்செலவு இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் உள்ள கைத்தொலைபேசியே போதும். பதிவைப் பேணுவதற்கும் வழியுண்டு. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து ஆலய மலர்கள் உட்பட ஆயிரக்கணக்கான வெளியீடுகளை உலகெங்கும் உள்ளோர் வாசிக்க வைத்துள்ளது. ஒரு பிரதி ஊரிலும் இன்னொரு பிரதி வெளியிலும் இருக்குமாயின் ஒரு தீயால் இரண்டும் அழியா.

நிறைவுரை

முதியோரின் நினைவு வேதவாக்குமன்று, கட்டுக்கதையுமன்று. அது உயிருள்ள சான்று. உயிருள்ளதற்குரிய தளர்ச்சியும் மாற்றமும் அதற்கு உண்டு. அதனைப் பொறுமையாகக் கேட்டு, பிற சான்றுகளோடு ஒப்பிட்டு, மாறுபாடுகளையும் மறைக்காது எழுதி வைத்தால் அது வருங்காலச் சந்ததிக்கு வரலாறாகும். சண்டைக்கு ஆயுதமாக எடுத்தால் கோயிலும் ஊரும் இரண்டுபடும்.

அடுத்த திருவிழாவிற்கு முன்னர், ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பேரனோ பேத்தியோ தத்தம் அப்புவுடனோ ஆச்சியுடனோ ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, கோயிலைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்வார்களாயின், அடுத்த ஆண்டு மலருக்கு அதனைவிடச் சிறந்த கட்டுரை வேறில்லை. கேட்பதற்குப் பிந்தினால் கேட்க ஆளிராது.

எல்லாம் வல்ல இறைவன் இப்பணிக்குத் துணைநிற்பாராக.

திருச்சிற்றம்பலம்